டீச்சரிடம் கேளுங்கள்: எந்த மண்ணுக்கு எந்தச் சப்பாத்து?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சப்பாத்தைப் பற்றியவை. முழங்கால் நோவு, சாப்பாடு என்று கேட்டு எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். சப்பாத்து சரியாக இருந்தால் முழங்கால்காரர் சிலருக்கு என் பதிலே தேவைப்படாமலும் போகலாம்.

கேள்வி: டீச்சர், வேலைக்குப் போக முன் தினமும் ஓடுகிறேன். வலையிறவுப் பாலத்தடியில் தொடங்கினால் கொஞ்சம் தார் றோட்டு, பிறகு கிறவல், வாய்க்கால் கட்டு, சில நாள் வயல் வரம்பு. ஞாயிறு என்றால் கூட்டாளிமாரோடு கல்லடிக் கடற்கரை. இப்போதுள்ள றோட்டுச் சப்பாத்து போன மாரியில் வழுக்கி விழுந்தும் விட்டேன். மண் வழியில் ஓடவென்று செய்த ட்ரெயில் சப்பாத்து வாங்கு என்கிறார்கள். எந்தக் கொம்பனி நல்லது? ஒரு சோடி போதுமா?
(வங்கி ஊழியர், வவுணதீவு)

பதில்: தம்பி, கொம்பனிப் பெயரைக் கடைசியில் பார்ப்போம். முதலில் ஒரு வாரம் நீங்கள் ஓடும் வழியைத் தாளில் எழுதுங்கள். தார் எவ்வளவு, கிறவல் எவ்வளவு, களி எவ்வளவு? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் முக்கால்வாசி கிறவல்தான். களி என்பது மாரி மாதங்களில், கார்த்திகையில் தொடங்கித் தை வரைக்கும். அப்புறம் சிறுபோகத்துக்குத் தண்ணீர் பாயும் நாட்கள். அவற்றை விட்டால் அதே வரம்பு கச்சான் காற்றில் காய்ந்து கல்லாகக் கிடக்கும். விழுந்தது களியில் என்பதற்காகக் களிச் சப்பாத்து வாங்கினால் மற்ற மாதமெல்லாம் அது காலுக்குப் பாரம்தான்.

சப்பாத்தைக் கவிழ்த்து அடியில் இருக்கும் பற்களைப் பாருங்கள். 3, 4 மில்லிமீற்றர் உயரம், அகலமான தலை, நெருக்கமான வரிசை என்றால் அது கிறவலுக்கும் காய்ந்த மண்ணுக்கும் உரியது. தாரிலும் ஓரளவு தாக்குப் பிடிக்கும். 5, 6 மில்லிமீற்றர் உயரமாகவும் ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளியோடும் இருந்தால் சேற்றுக்கு. உழவு மெசின் டயரின் கட்டைகள் ஏன் அவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? கட்டைகளுக்கு இடையில் ஒட்டிய களி சுற்றும்போதே கழன்று விழவேண்டும், அதற்காகத்தான். நெருக்கமான பற்களோடு படுவான்கரைக் களிக்குள் இறங்கினால் பத்து அடி வைக்கும் முன் பற்களெல்லாம் அடைத்து, அடி மொழுக்கென்று ஆகி, ஒவ்வொரு காலிலும் அரைக் கிலோ மண் தொங்கும். மறுபக்கம், நீளப் பல்லை வைத்துக்கொண்டு தாரில் ஓடினால் பல் வளைந்து ஆடும், கணுக்கால் உழையும், ரப்பரும் சீக்கிரம் கரையும்.

ஆகவே உங்களுக்கு 4 மில்லிமீற்றர் அளவில் ஒரு சோடி. மாரியில் வரம்பை விட்டுக் கிறவலோடு நில்லுங்கள். விதைத்த வயல்காரருக்கும் அது நிம்மதி.

இனிக் கால். இதில்தான் பலர் காசைக் கோட்டை விடுகிறார்கள். செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த கால் நம்முடையது, விரல் பக்கம் விரிந்திருக்கும். நிறையச் சப்பாத்துகள் அந்தப் பக்கம் ஒடுங்கித்தான் வருகின்றன. நம்மவர் என்ன செய்கிறார்கள்? இறுக்குகிறது என்று ஒரு நம்பர் பெரிதாக எடுப்பார்கள். அப்போது அகலம் சரி, ஆனால் குதி உள்ளே வழுக்கும், கொப்புளம் வரும். அதற்கு ஒரு சோதனை உண்டு. சப்பாத்துக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரலோ பெருவிரலின் பக்கமோ இன்சோலுக்கு வெளியே வழிந்தால் அந்த மாதிரியே உங்களுக்குச் சரிவராது. எத்தனை நம்பர் கூட்டினாலும் சரிவராது. நீளத்துக்கு, மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். எல்லோருக்கும் பெருவிரல்தான் நீளம் என்றில்லை, இரண்டாம் விரல் நீண்டவர்களும் உண்டு.

கடைக்குப் பின்னேரம் போங்கள். பகல் முழுக்க நடந்து, வெக்கைக்கு வீங்கிய காலைத்தான் சப்பாத்து சுமக்கப் போகிறது. விடிய வெள்ளன அளந்த கால் வேறு. ஓடும்போது போடும் சொக்ஸையே கொண்டுபோங்கள். போட்டதும் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கழற்றிவிடாதீர்கள். கடை வாசலில் இறங்கிப் பத்துப் பாகத் தூரம் ஓடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும், காசு உங்களுடையது. “போடப் போட இளகும்” என்று அவர் சொன்னால் நம்பவேண்டாம். தோல் சப்பாத்துக்கு அது பொருந்தும். இந்த நைலோன் வலைச் சப்பாத்து முதல் நாள் எங்கே கடிக்கிறதோ, பெரும்பாலும் கடைசி வரை அங்கேயே கடிக்கும்.

லேஸ் போடும் துளைகளில் கணுக்காலுக்குக் கிட்ட, கொஞ்சம் பின்தள்ளி ஒன்று சும்மா கிடக்கும். அது அலங்காரம் இல்லை. லேஸை அந்தப் பக்கத்துத் துளைக்குள்ளேயே மேலிருந்து செருகி ஒரு சிறு வளையம் விடுங்கள். மற்றப் பக்கமும் அப்படியே. பிறகு ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டினால் குதி அசையாது. குதி வழுக்கிக் கொப்புளம் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுவே மருந்து.

உழைக்குமா என்று பார்க்க மூன்று இடம். அடி முழுக்க ரப்பர் இருக்கிறதா, அல்லது அங்கங்கே துண்டு ஒட்டி நடுவில் வெறும் மெத்தை தெரிகிறதா? கிறவல் கல் அந்த வெறும் மெத்தையைத்தான் முதலில் கடித்துத் தின்னும். முன்விரல் பக்கம் ரப்பர் மடிந்து மேலே ஏறியிருக்கிறதா? பெருவிரல் மடங்கும் இடத்தில் வலைக்கு மேல் பலப்படுத்திய பட்டி உண்டா? முதலில் கிழிவது அங்கேதான். நெருஞ்சி முள் நிறைந்த வழி என்றால் பற்களுக்கும் மெத்தைக்கும் இடையில் மெல்லிய தகடு வைத்த சப்பாத்து நல்லது. நிறைய ட்ரெயில் சப்பாத்தில் அது உண்டு. கையால் வளைத்தால் விறைப்பு தெரியும்.

நடு மெத்தை பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்ற நுரைப் பொருள். பொதுவாக 500 முதல் 800 கிலோமீற்றர் வரைக்கும் அதற்கு உயிர். நீங்கள் வாரம் 30 கிலோமீற்றர் ஓடினால் நாலு தொடக்கம் ஆறு மாதம். அடியில் பல் இன்னும் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், மெத்தை அதற்கு முன்பே செத்துப்போகும். மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், பக்கவாட்டில் மடிப்புச் சுருக்கம் விழுந்து அப்படியே நின்றால், அதை முற்றத்து வேலைக்கு விட்டுவிடுங்கள்.

கடற்கரைக்கு இந்தச் சப்பாத்தைக் கொண்டுபோகவே வேண்டாம். உலர்ந்த மணலில் எந்தப் பல்லும் பிடிக்காது, பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அலை நனைத்து இறுகிய பட்டியில் பழைய சப்பாத்தோடு ஓடுங்கள். போனால் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு காய்ந்து துணியை விறைக்கப் பண்ணும், மணல் உள்ளே நின்று அரம்போல் அராவும். கடுதாசியைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் காயவிடுங்கள். தகரக் கூரையில் போடுகிற பழக்கத்தை விடுங்கள், அந்தச் சூட்டில் பசையும் மெத்தையும் இரண்டும் கெடும்.

கொம்பனி கேட்டீர்கள். அல்ட்ரா விரல் பக்கம் அகலம். ஆனால் அதன் பெரும்பாலான மாதிரிகளில் குதிக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் இல்லை, திடீரென்று மாறினால் கெண்டைக்கால் பிடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். சலமோன் ஸ்பீட்குரொஸ் சேற்றுக்குப் பேர்போனது, உங்கள் கிறவலுக்கு அல்ல. ஹோக்கா தடித்த மெத்தை, நீண்ட தூரத்துக்குச் சுகம், வரம்பில் கொஞ்சம் ஆடும். இவையெல்லாம் நம்மவர் கைக்குப் பெரும்பாலும் வெளிநாட்டுச் சொந்தக்காரரின் பெட்டியில்தான் வந்து சேரும். பெயரில்லாத சோடியாக இருந்தாலும் மேலே சொன்னவை பொருந்தினால் வாங்குங்கள்.

இன்னொன்று. வாய்க்கால் கட்டில் இருட்டோடு தனியே ஓடாதீர்கள். யானைக்கு முன்னால் எத்தனை மில்லிமீற்றர் பல்லும் உதவாது.

கேள்வி: வணக்கம் டீச்சர். எனக்கு 58 வயது, சீனி வருத்தம் உண்டு. இந்த ஆடிக்கு உகந்தையிலிருந்து காட்டு வழியாகக் கதிர்காமம் போக நேர்த்தி. வெறுங்காலோடு போவதாகத்தான் வேண்டிக்கொண்டேன். டொக்டர் கூடவே கூடாது என்கிறார். லண்டனிலிருந்து மகன் தண்ணீர் புகாத கோர்டெக்ஸ் சப்பாத்து அனுப்பியிருக்கிறான். அதைப் போட்டுக்கொண்டு போகலாமா?
(குடும்பத் தலைவி, தம்பிலுவில்)

பதில்: அக்கா, டொக்டர் சொன்னது சரி. சீனி வருத்தக்காரருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். மத்தியான மணல் சுட்டாலும் தெரியாது, முள் ஏறினாலும் தெரியாது, காயம் ஆறவும் நாளாகும். காட்டுக்குள் நாலைந்து நாள் வழி. நேர்த்தியைப் பற்றி நான் சொல்வது என் அபிப்பிராயம் மட்டும்: கோயில் வீதியில் வெறுங்காலோடு நடந்து நிறைவேற்றுங்கள். முருகன் கணக்குப் பார்க்கிறவர் இல்லை.

மகன் அனுப்பியது நல்ல சப்பாத்துத்தான், ஆனால் லண்டன் குளிருக்கு. கோர்டெக்ஸ் என்பது வெளித் துணிக்கு உட்புறம் இருக்கும் மெல்லிய படலம். வெளியிலிருந்து தண்ணீரை விடாது, வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும். நம் வெக்கையில் கால் விடும் வியர்வைக்கு அது ஈடுகொடுக்காது, பாதம் உள்ளே அவியும். அப்புறம் கும்புக்கன் ஆறு. அங்கே தண்ணீர் பக்கத்தால் வராது, கணுக்காலுக்கு மேலால் நேரே உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீரைப் படலம் வெளியே போகவிடாது. ஊறிய தோல் உரியும், உரிந்த இடத்தில் மணல் பிடிக்கும். உங்களுக்குத் தேவை சாதாரண வலைத்துணிச் சப்பாத்து. தண்ணீர் புகுந்தால் புகட்டும், நாலு எட்டு வைத்ததும் வெளியே போய்விடும்.

ஆற்றில் சப்பாத்தைக் கழற்றி வெறுங்காலோடு இறங்கவேண்டாம். பின்பட்டி உள்ள ரப்பர்ச் செருப்பு ஒன்றைப் பையில் கட்டிக்கொண்டு போங்கள், அதைப் போட்டுக் கடவுங்கள். கரையேறிக் காலைத் துடைத்து வேறு சொக்ஸ் போடுங்கள். பருத்திச் சொக்ஸ் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பொலியெஸ்டர் கலந்தது சீக்கிரம் காயும். ஈரச் சொக்ஸைப் பைக்கு மேல் விரித்துக் குத்தினால் நடந்துபோகும்போதே காய்ந்துவிடும்.

சப்பாத்து அரை நம்பர் பெரிதாக இருக்கட்டும், இரண்டாம் நாள் கால் வீங்கும். புதுச் சப்பாத்தோடு யாத்திரை தொடங்குவதைப் போல் பிழை வேறு இல்லை. இன்றைக்கே வாங்கி, பின்னேரங்களில் திருக்கோவில் கோயிலுக்கு அதைப் போட்டே நடந்து போய்வாருங்கள். காட்டுக்குள் ஒவ்வொரு இரவும் உங்களோடு வருகிற ஒருவரிடம் டோர்ச்சைக் கொடுத்து இரண்டு உள்ளங்காலையும், விரல் இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். சிவந்த இடம் தெரிந்தால் அன்றைக்கே பிளாஸ்டர், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: குடும்பிமலைக்கு ஏறினோம். ஆழமான பல் வைத்த புதுச் சப்பாத்து எனக்கு. முதல் நாள் மழை. பாறையில் நான் விழுந்தேன், பழைய செருப்போடு வந்த மச்சான் விழவில்லை! ஏமாந்துவிட்டேனா?
(மாணவன், வாழைச்சேனை)

பதில்: ஏமாறவில்லை மகன், மண்ணுக்கு வாங்கியதைப் பாறையில் பாவித்திருக்கிறாய். பல் பிடிப்பது மண்ணுக்குள் குத்தி இறங்கினால்தான். பாறைக்குள் எது இறங்கும்? அங்கே வேலை செய்வது ரப்பரின் மென்மையும் பாறையில் படும் பரப்பும். உன் சப்பாத்து பல் நுனியில் மட்டும் நின்றது, மச்சானின் செருப்பு முழு அடியும் பட்டு நின்றது. ஆனாலும் செருப்போடு மலையேறுவதை நான் ஆதரிக்கவில்லை என்று அவனிடம் சொல்.

இத்தாலியில் வித்தாலே பிராமானி என்ற மலையேறி 1935இல் ஆல்ப்ஸ் மலையில் ஒரு விபத்தில் தன் கூட்டத்தில் ஆறு பேரை இழந்தார். பொருந்தாத காலணிகளும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். அதற்குப் பிறகுதான் அவர் ரப்பர் அடி செய்ய இறங்கினார், 1937இல் அது வந்தது. அவர் பெயரின் முதல் எழுத்துகளில் உருவானதுதான் விப்ரம் என்ற கொம்பனிப் பெயர். இன்றைக்கும் சில சப்பாத்துகளின் அடியில் அதன் மஞ்சள் எண்கோணச் சின்னத்தைக் காணலாம். விப்ரம் ரப்பரில் மெகாகிரிப் என்ற வகை ஈரத்திலும் காய்ந்த இடத்திலும் பிடிக்கவென்று செய்தது. சின்னம் இல்லாத சப்பாத்தில் நகத்தால் பல்லை அழுத்திப் பார். கொஞ்சம் அமுங்கித் திரும்பினால் மென்மையான ரப்பர், பாறையில் பிடிக்கும். நகமே வழுக்கினால் கெட்டி ரப்பர், வருடக்கணக்கில் உழைக்கும், ஈரத்தில் கைவிடும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. பாசி பிடித்த பாறையில் எந்த ரப்பரும் நிற்காது, சுற்றிப் போ. மழைக்கு அடுத்த நாள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது இன்னும் நல்லது. கிரான் பக்கம் வெள்ளம் வந்தால் திரும்பி வரவும் முடியாது.

கேள்வி: நானா கட்டாரிலிருந்து சப்பாத்து அனுப்ப நம்பர் கேட்கிறார். இங்கே நான் 5 நம்பர் போடுவேன். அவர் பார்க்கும் கடையில் அமெரிக்க நம்பராம்.
(பயிற்சி ஆசிரியை, அக்கரைப்பற்று)

பதில்: நம்பரை விடுங்கள் தங்கச்சி, சென்ரிமீற்றரை அனுப்புங்கள். நம் கடைகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் நம்பர். அமெரிக்க நம்பர் ஆண்களுக்கு அதைவிட ஏறத்தாழ ஒன்று கூட, பெண்களுக்கு இரண்டு அல்லது இரண்டரை கூட. கொம்பனிக்குக் கொம்பனி மாறவும் செய்யும். பின்னேரம் சுவரில் குதியை ஒட்டி, தாளின்மேல் எழும்பி நில்லுங்கள். ராத்தாவையோ உம்மாவையோ கொண்டு நீண்ட விரலின் நுனியில் பென்சிலை நேராகப் பிடித்துக் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு காலும் அளந்து பெரியதை எடுங்கள். அதோடு அரை முதல் ஒரு சென்ரிமீற்றர் கூட்டி நானாவுக்கு எழுதுங்கள். சப்பாத்தின் நாக்கில் தைத்த துண்டில் சென்ரிமீற்றரும் பெரும்பாலும் இருக்கும். பாதம் அகலம் என்றால் ஆண்களுக்கான மாதிரியிலும் பார்க்கச் சொல்லுங்கள். நிறத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

கேள்வி: என் மகள் பாடசாலையில் நெடுந்தூரம் ஓடுகிறாள், வெறுங்காலோடுதான். வெறுங்காலோடு ஓடி ஒலிம்பிக்கில் வென்றவர் இருக்கிறார் என்கிறாள். கடன்பட்டாவது சப்பாத்து வாங்கவா?
(தாய், கொக்கட்டிச்சோலை)

பதில்: அபெபே பிக்கிலாவைச் சொல்கிறாள் பிள்ளை. எத்தியோப்பியாக்காரர், 1960இல் ரோம் மரதனை வெறுங்காலோடு வென்றார். 1964இல் டோக்கியோவில் சப்பாத்துப் போட்டு ஓடியும் வென்றார் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். ரோம் நகரத் தெருவில் நெருஞ்சியும் இல்லை, வயல் தண்ணீரும் இல்லை.

கடன்படவேண்டாம். மைதானத்திலும் கடற்கரை ஈர மணலிலும் வெறுங்காலோடு ஓடட்டும், பாதம் பலப்படும். கிறவலுக்கும் தாருக்கும் மட்டும் ஒரு சோடி போதும். விலை கூடிய சப்பாத்து வளரும் காலுக்கு நட்டம், வருடத்துக்குள் சிறுத்துவிடும். அடி வளைக்கும்போது விரல் மடியும் இடத்தில் வளையவேண்டும், நடுவில் வளையக்கூடாது. குதிப் பக்கத்தை அமுக்கினால் கெட்டியாக இருக்கவேண்டும். இந்த இரண்டும் சரியென்றால் மலிவான சோடியே காணும். ஆனால் மாரியில் வயல் தண்ணீருக்குள் வெறுங்காலோடு விடவே வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி காலில் உள்ள சின்ன வெடிப்பால் உள்ளே போகும். வயலில் இறங்குகிற ஆட்கள் வீட்டில் இருந்தால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: மருமகன் கொண்டுவந்து தந்த விலை கூடிய மலைச் சப்பாத்தைப் பழுதாக்காமல் பெட்டிக்குள் ஏழெட்டு வருடம் வைத்திருந்தேன். போன கிழமை போட்டால் அடி புட்டுப்புட்டாக உதிர்கிறது. போலிச் சாமானா? இன்னொரு சோடியும் அப்படியே இருக்கிறது.
(ஓய்வுபெற்ற லிகிதர், கல்முனை)

பதில்: போலி இல்லை அண்ணே, மருமகனைக் கோவிக்காதீர்கள். மலையேறும் சப்பாத்துகள் பலவற்றின் நடு அடி பொலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரம் வருடக்கணக்கில் அதன் பிணைப்பை அறுத்துவிடும், போட்டாலும் போடாவிட்டாலும். நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. பெட்டிக்குள் பூட்டி வைப்பது அதைக் காப்பாற்றாது. நடந்துகொண்டிருந்தால் சிலவேளை இன்னும் கொஞ்சக் காலம் தாக்குப் பிடித்திருக்கும். உதிர்ந்ததைப் பசை போட்டு ஒட்டமுடியாது, ஒட்டுவதற்குப் பிடி இல்லை. மேல்பக்கம் தோலாக, நன்றாக இருந்தால் சப்பாத்துத் தைப்பவரிடம் புது அடி போட என்ன வரும் என்று கேளுங்கள். புதுச் சப்பாத்து விலையில் பாதிக்கு மேல் சொன்னால் விட்டுவிடுங்கள்.

மற்றச் சோடியைத் தூர இடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்காதீர்கள். நாளைக்கே போட்டுக்கொண்டு சந்தைக்கு ஒரு நடை போய்வாருங்கள். உடைவதென்றால் வீட்டுக்குக் கிட்ட உடையட்டும். கையில் ஒரு செருப்பும் கொண்டுபோங்கள்.